வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்த துணி

பெங்களூர் சிக்பேட்டையில் துணி எடுக்கப் போனால் எங்கள் வீட்டுப் பெண்கள் கடைசியில் ஒரு காரியம் செய்யாமல் பணத்தை எடுக்க மாட்டார்கள். பிடித்த துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, தெரு வெளிச்சத்தில் உதறிப் பிடித்து, தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார்கள். ஜன்னலுக்கு ஸ்க்ரீன் துணி வாங்க அக்காவோடு போனபோதும் அதுதான் நடந்தது. உள்ளே விளக்கடியில் தேன் நிறமாக மின்னிய துணி, வாசலில் பச்சை ஏறிய மஞ்சளாகத் தெரிந்தது. "இது நம்ம வீட்டுக்குச் சரிப்படாதுடி" என்று அக்கா மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடைக்காரரும் வருத்தப்படவில்லை. அவர் தினமும் பார்ப்பதுதான்.

வாசலில் நடந்தது சரியான பரிசோதனை. சாயம் தன்மேல் விழும் ஒளியில் சில அலைநீளங்களை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. எது திரும்பி வரும் என்பது, எது வந்து விழுந்தது என்பதைப் பொறுத்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்குக்குள் இருப்பது ஏறக்குறைய 450 நானோமீட்டரில் நீல ஒளி விடும் ஒரு சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் மற்ற நிறங்களைத் தருகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் இடையில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். மலிவான விளக்கென்றால் அடர்சிவப்பும் குறைவு. வெயிலில் அந்தப் பள்ளங்கள் இல்லை. அதனால் ஒரே துணி இரண்டு இடத்தில் இரண்டு துணியாகிறது. இதே காரணத்தால்தான் கடைவிளக்கில் சேலையோடு அச்சாகப் பொருந்திய மேட்சிங் ப்ளவுஸ் துணி, கல்யாண மண்டபத்தில் தனியாக விலகித் தெரிகிறது. பட்டில் ஏறிய சாயமும் பருத்தியில் ஏறிய சாயமும் வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரிந்தவை அடுத்த வெளிச்சத்தில் பிரிந்துவிடும்.

இந்த ஊரில் இப்படிப் பகல் வெளிச்சத்தில் நிறம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் உண்டு. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், தன் கடைசி ஆண்டுகளைப் பெங்களூரில், தான் 1948-இல் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில், கண் நிறத்தை எப்படி உணர்கிறது என்ற கேள்விக்கே கொடுத்தார். பூக்களை எடுத்து, சிறிய நிறமாலைமானி வழியாக அவற்றின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். 1968-இல் பார்வையின் உடலியல் பற்றி ஒரு நூலும் எழுதினார். மூவகை உணரிகளால் நிறம் அறிகிறோம் என்ற கோட்பாட்டை அவர் மறுத்ததை அறிவியல் உலகம் ஏற்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் சொன்னது நிற்கவில்லை. ஆனாலும் நிறத்தை அது இருக்கும் பொருளிலேயே, பகல் ஒளியிலேயே பார்க்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. துணி வாங்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல பழக்கம் கிடையாது.

எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில் லீசுக்கு எடுத்த முதல் மாடி. முன்னறை பத்துக்குப் பத்து. தெருப்பக்கம் ஒரே ஜன்னல். கூப்பிடு தூரத்தில் சென்னைக்கும் துமக்கூருக்கும் போகிற ரயில் பாதைகள். சுவருக்கு ஓனர் அடித்த க்ரீம் டிஸ்டம்பர்தான். ஆணி அடிக்கவும் அவரிடம் கேட்க வேண்டும். தரை, கூரை, ஜன்னல் எதுவும் எங்கள் கையில் இல்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலான வீடுகளின் கதை இதுதான். ஒரு குடும்பம் தன் விருப்பப்படி மாற்றக்கூடியது ஜன்னலில் தொங்குவதும், கட்டிலில் விரிப்பதும், தரையில் போடுவதும்தான். ஒரு காலத்தில் மினர்வா மில், பின்னி மில், மல்லேஸ்வரத்தில் இன்று மந்திரி மால் நிற்கும் இடத்தில் இருந்த ராஜா மில் என்று இந்தப் பக்கம் முழுக்க நூற்பும் நெசவுமாக இருந்தது. இந்தப் பகுதிக்குத் துணி ஒன்றும் புதிய விஷயமில்லை.

ஆகவே அந்தத் துணியால் வீட்டுக்குள் இருப்பவர்களின் மனநிலையை எவ்வளவு மாற்ற முடியும் என்பது எனக்கு அலங்காரம் பற்றிய கேள்வியாகத் தோன்றவில்லை. நாலு பேர் ஒரே அறையில் படித்து, சாப்பிட்டு, சண்டை போட்டு, தூங்கும் வீட்டில் அது வாழ்க்கை பற்றிய கேள்வி.

கேட்டால் எல்லாரும் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நீலம் அமைதி தரும், சிவப்பு படபடப்பு உண்டாக்கும், பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. இதில் எவ்வளவு உண்மை? இந்த நம்பிக்கைக்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள். அலெக்சாண்டர் ஷாஸ் என்பவரின் யோசனை அது. கைதிகளின் மூர்க்கம் குறைந்துவிட்டது என்று செய்தி பரவி, பல நாடுகளின் சிறைகளுக்கும் அந்த நிறம் போனது. பிறகு சுவிட்சர்லாந்துச் சிறை ஒன்றில், வெள்ளை அறையையும் இளஞ்சிவப்பு அறையையும் ஒப்பிட்டு முறையாகச் சோதித்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு அறைக்கும் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை.

நிறத்துக்கு மனத்தோடு தொடர்பே இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. நிறம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதற்குள் மூன்று அளவுகள் இருக்கின்றன. சிவப்பா நீலமா என்பது ஒன்று. எவ்வளவு வெளிர், எவ்வளவு இருள் என்பது இரண்டாவது. எவ்வளவு சுத்தமாக, செறிவாக இருக்கிறது என்பது மூன்றாவது. கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் பெயரளவில் பச்சைதான். செறிவில் எட்டாத தூரம். வால்டெஸ், மெஹ்ராபியன் என்ற இரு உளவியலாளர்கள் 1994-இல் அமெரிக்க மாணவர்களிடம் இந்த மூன்றையும் பிரித்துச் சோதித்தபோது, உணர்ச்சியை ஒழுங்காக அசைத்தவை வெளிர்வும் செறிவும்தான். வெளிர்ந்த நிறங்கள் இனிமையாகத் தோன்றின. செறிவு கூடக் கூடக் கிளர்ச்சி கூடியது. நிறத்தின் பெயரால் கிடைத்த விளைவு அவ்வளவு உறுதியாக இல்லை. கடையில் "என்ன கலர் காட்டட்டும்?" என்று கேட்பதற்கு முன் "எவ்வளவு வெளிர், எவ்வளவு கெட்டி?" என்று கேட்டால் நல்லது என்று இதைப் படித்தபின் நினைத்துக்கொண்டேன்.

பெயருக்கும் ஒரு வலு உண்டு. அது பழக்கத்திலிருந்து வருவது. 2020-இல் 30 நாடுகளில் 4,598 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, நிறங்களோடு மனிதர்கள் சேர்த்துவைக்கும் உணர்ச்சிகள் பெருமளவு ஒத்துப்போவதையும், ஒவ்வொரு நாட்டுக்கும் தனிச் சாயல் இருப்பதையும் காட்டியது. எங்கள் ஆயா உயிரோடு இருந்தவரை வீட்டில் வெள்ளை ஸ்க்ரீன் தொங்கவிட்டதில்லை. முப்பத்தைந்து வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறியவர் அவர். வெளிச்சத்தை அதிகம் பரப்புவது வெள்ளைதான் என்று எந்த அளவுகோலை வைத்து அவரிடம் நிரூபித்திருக்க முடியும்? ஒருவருடைய வாழ்க்கை ஒரு நிறத்தில் ஏற்றிவைத்தது, எந்த ஆய்வின் சராசரியைவிடவும் அந்த வீட்டில் பெரியது. வீட்டில் இருக்கும் மூத்தவர்களைக் கேட்காமல் நிறம் முடிவுசெய்யக் கூடாது என்று நான் சொல்வது மரியாதைக்காக மட்டுமில்லை.

சிறிய அறைக்கென்று ஒரு தனிக் கணக்கும் இருக்கிறது. வெளிச்சம் திரையில் பட்டு, அங்கிருந்து சுவருக்குப் போய், கட்டில் விரிப்பில் விழுந்து, மறுபடி திரைக்கு வருகிறது. ஒவ்வொரு முறை ஒரே நிறத் துணியில் படும்போதும் மற்ற அலைநீளங்கள் இன்னும் கொஞ்சம் விழுங்கப்படுகின்றன. திரையும் விரிப்பும் ஒரே ஆரஞ்சாக இருந்தால், பத்துக்குப் பத்து அறையில் அந்த ஆரஞ்சு கடையில் பார்த்ததைவிடக் கெட்டியாகிவிடும். தட்டில் இருக்கும் சோறும், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகமும் அந்த நிறம் ஏறித் தெரியும். கூடத்தில் சுகமாக இருக்கும் நிறம் எங்கள் மாதிரி அறையில் மூச்சுமுட்டுவது இதனால்தான். ஒரு படி வெளிர்ந்ததை எடுத்தால் வீட்டில் நாம் நினைத்த நிறம் வந்து சேரும்.

பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதும் நிறத்தை மாற்றும். இது தெரியவந்தது ஒரு துணிப் பிரச்சினையால்தான். பாரிஸில் கோபலின் என்ற அரசு நெசவாலையின் சாயப் பிரிவுக்கு 1824-இல் மிஷேல் செவ்ரூல் என்ற வேதியியலாளர் தலைவரானார். நீலமும் ஊதாவும் வரும் இடங்களில் நிழல் காட்டப் பயன்படுத்தும் கறுப்பு நூல் வெளிறிப்போய்த் தெரிகிறது, சாயம் சரியில்லை என்று அவரிடம் புகார் வந்தது. அந்த நூலைத் தனியே எடுத்து மற்ற ஆலைகளின் கறுப்போடு ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நீலம்தான் கறுப்பின்மேல் தன் எதிர்நிறத்தின் சாயலை ஏற்றி, அதைப் பலவீனமாக்கிக்கொண்டிருந்தது. 1839-இல் அவர் இதையே ஒரு பெரிய நூலாக எழுதினார். காஞ்சிபுரத்துச் சேலையில் அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை வைத்தவர்கள் செவ்ரூலைப் படித்ததில்லை. அடர்ந்த சிவப்பின் ஓரத்தில் பச்சை நின்றால் இரண்டுமே எழுந்து நிற்கும் என்பதை அவர்களுடைய கண் அறிந்திருந்தது. மனம் அமைதியாக வேண்டிய படுக்கைப் பக்கத்தில் இந்த எதிர்நிற ஜோடி வேண்டாம். விருந்தாளி உட்காரும் இடத்தில் ஒரு குஷன் உறைக்கு அது போதும்.

இதுவரை சாயத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன். துணியை வண்ணத்தாளிலிருந்து பிரிப்பது அதன் நெசவும் நாரும். சாட்டின் நெசவில் ஒரு நூல் நாலைந்து நூல்களைத் தாண்டி மேலேயே மிதந்து போகும். மேற்பரப்பு மழமழப்பாகி, கண்ணாடிபோல் ஒளியை ஒரு பக்கமாகத் தள்ளும். வெல்வெட்டில் நிமிர்ந்து நிற்கும் நுண்ணிழைகளுக்கிடையே ஒளி புகுந்து சிக்கிக்கொள்ளும்; அதனால் அதே சாயம் ஆழ்ந்து இருண்டு தெரியும். பட்டுநாரின் குறுக்குவெட்டு ஏறக்குறைய முக்கோணம்; பருத்திநாருடையது அவரைவிதை வடிவில் நசுங்கி, நீளவாட்டில் முறுக்கேறியது. பட்டு மின்னுவதும் பருத்தி மங்கலாக இருப்பதும் இதனால். கர்நாடகப் பட்டில் டூப்பியன் என்று ஒரு வகை உண்டு. இரண்டு புழுக்கள் சேர்ந்து ஒரே கூட்டைக் கட்டிவிட்டால், அதிலிருந்து வரும் நூல் ஒரே சீராக இருக்காது. ஆங்காங்கே தடித்து முடிச்சுமுடிச்சாக வரும். சேலை நெய்பவருக்கு அது குறை. திரைத்துணிக்கு அதுவே அழகு. வெயில் நகர நகர அந்தத் தடிப்புகளில் நிழல் நகர்கிறது. ஒரே நிறத் திரையைக் கண் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு ஒளியைவிடப் பெரிய தொல்லை சத்தம். இதில் துணியைப் பற்றி நிறையத் தவறான நம்பிக்கை உலவுகிறது. கனமான திரை போட்டால் ரயில் சத்தம் நின்றுவிடும் என்று எங்களுக்கும் சொன்னார்கள்.

துணிக்கும் ஒலிக்கும் உள்ள கணக்கை முதலில் போட்டவர் வாலஸ் சபைன். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அறையில் பேராசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்து நொடிக்கும் மேலாகச் சுவர்களில் முட்டிக்கொண்டே இருந்ததால் அடுத்த சொல் அதன்மேல் விழுந்தது. சரிசெய்யும் வேலை இளம் சபைனிடம் வந்தது. அவர் இரவில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அறையில் அடுக்குவார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஓசை அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகளை அரங்கில் திரும்பப் போட்டாக வேண்டும். இப்படிப் பல இரவுகள். எவ்வளவு மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறையும் என்ற அவருடைய சமன்பாட்டில் இருந்துதான் இன்றைய அரங்க ஒலியியலே தொடங்குகிறது.

துணி ஒலியை எப்படி விழுங்குகிறது? ஒலி என்பது காற்று முன்னும் பின்னும் அசைவது. அந்த அசைவு துணியின் இழைகளுக்கிடையே புகும்போது உராய்ந்து, மிகச் சிறிய அளவு வெப்பமாகிறது. ஆனால் சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசையவே முடியாது. சுவரிலிருந்து கால் அலைநீளத் தொலைவில்தான் அசைவு மிக அதிகம். குழந்தை கத்துவதிலும் டி.வி.யிலும் இருக்கும் 1000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர். கால் பங்கு எட்டரை. ராடைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் தள்ளி மாட்டி, மடிப்பு மடிப்பாகத் துணி விட்டால் அந்த ஒலி நன்றாக விழுங்கப்படும். ரயிலின் அடிவயிற்று உறுமல் 60 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், கால் அலைநீளம் ஏறக்குறைய 1.4 மீட்டர். அவ்வளவு தள்ளித் திரை மாட்டினால் அறையில் பாதி போய்விடும்! உறுமல் வரத்தான் செய்யும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கக் கனமும் இடைவெளியில்லாத அடைப்பும் வேண்டும். அது துணியின் வேலை இல்லை. ஆனால் உள்ளே நாம் உண்டாக்கும் குக்கர் விசில், பாத்திரச் சத்தம், ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் எல்லாம் வெற்றுச் சுவர்களில் துள்ளிப் பெருகாமல் அடங்கும். தரையில் ஒரு பவானி ஜமக்காளமும் சேர்ந்தபின் எங்கள் வீட்டில் குரல்கள் தாமாகவே தணிந்தன. கத்தாமலே கேட்கிறதே, பிறகு ஏன் கத்த வேண்டும்?

கண்ணும் காதும் தூரத்தில் நின்று அறிபவை. துணி கடைசியில் தோலுக்கு வருகிறது. இங்கேதான் மனநிலையோடு அதன் உறவு மிக நெருக்கம் என்று நினைக்கிறேன்.

நம் தோலில் தொடுகை நரம்புகள் பலவகை. பெரும்பாலானவை வேகமானவை, எது, எங்கே, எவ்வளவு சொரசொரப்பு என்று மூளைக்குச் சொல்பவை. ரோமம் உள்ள தோலில் வேறொரு மெல்லிய, மெதுவான நரம்பிழை உண்டு. நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் மெல்ல வருடினால் மட்டும் அது விழித்துக்கொள்கிறது. தோலின் வெப்பநிலையில் வருடினால் இன்னும் நன்றாக. சுவீடனின் ஹோகன் ஓலாசன் குழு 2002-இல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியது. நோயால் வேகமான தொடுகை நரம்புகளை இழந்தவர் அவர். மெல்லிய தூரிகையால் முன்கையை வருடியபோது, எந்தப் பக்கம் வருடினார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை; ஆனால் ஏதோ இதமாக இருக்கிறது என்று உணர்ந்தார். பொருளை அறியும் தொடுகையும் ஆறுதல் தரும் தொடுகையும் வெவ்வேறு வழிகளில் போகின்றன என்று அதிலிருந்து தெரிந்தது. அம்மா சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துவிடும் வேகம் அந்த நரம்பின் வேகம்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. குறும்பர் நெய்யும் கறுப்புக் கம்பளி இந்த ஊரின் மார்கழிக் குளிருக்கு அருமையானது. ஆனால் வெறும் தோலில் போர்த்தினால் குத்தும். பலர் அதை ஒவ்வாமை என்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. ஏறக்குறைய 30 மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்த ரோமத்தின் நுனி வளையாமல் தோலை அழுத்தி, வலியறியும் நரம்பைத் தூண்டுகிறது. அடியில் ஒரு பழைய பருத்திச் சேலையை வைத்துப் போர்த்திக்கொண்டால் கம்பளியின் கதகதப்பு மட்டும் மிஞ்சும்.

குளுமை, கதகதப்பு என்று நாம் சொல்வதும் துணியின் வெப்பநிலை இல்லை. அறையில் இருக்கும் எல்லாத் துணிக்கும் ஒரே வெப்பநிலைதான். தொட்ட கணத்தில் தோலிலிருந்து எவ்வளவு வேகமாக வெப்பத்தை உறிஞ்சுகிறது என்பதைத்தான் தோல் அறிகிறது. சாட்டின் உறை தோலோடு முழுதாக ஒட்டுவதால் சட்டென்று வெப்பத்தை இழுத்து, சில்லென்று படுகிறது. மேலெழும்பிய இழைகள் கொண்ட ஃபிளானலில் தோலுக்கும் துணிக்கும் நடுவே காற்று நிற்கிறது. அது வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஏப்ரலில் தலையணை உறை வழவழப்பாகவும், டிசம்பரில் சற்றே சொரசொரப்பாகவும் இருக்கட்டும். ஈரமும் முக்கியம். 20 டிகிரியில், 65 சதவீத ஈரப்பதத்தில், 100 கிராம் பருத்தி ஏறக்குறைய 8.5 கிராம் நீராவியைத் தன்னுள் வைத்திருக்கும். பட்டு 11 கிராம். பாலியெஸ்டர் வெறும் 0.4. இரவு வியர்வையைப் பாலியெஸ்டர் விரிப்பு எடுத்துக்கொள்வதில்லை, தோலிலேயே விட்டுவிடுகிறது. நடுராத்திரி எரிச்சலோடு புரண்டு படுப்பவர், விரிப்பின் நிறத்தை யோசிக்கும் முன் அதன் நாரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேலையும் திரைக்கு உண்டு. கண்ணின் விழித்திரையில், பார்ப்பதற்கென்று இல்லாமல், பகலா இரவா என்று உடலுக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருப்பது 2002-இல் உறுதியானது. ஏறக்குறைய 480 நானோமீட்டர் நீல ஒளிக்கு அவை மிகவும் விழிப்பானவை. காலையில் மெல்லிய வெளிர்த் திரை வழியாக வரும் பரவலான வானவெளிச்சம் அவற்றை எழுப்பும். எதிர்வீட்டு அண்ணன் ரயில்வேயில் நைட் டியூட்டி. பகலில் தூங்க வேண்டிய அவருக்கு அதே திரை எதிரி. அவர் ஜன்னலில் அண்ணி இரட்டை லைனிங் போட்ட அடர்காபித் துணியைத் தைத்து மாட்டியிருக்கிறார். மேலே ராடுக்கும் சுவருக்கும் இடையில் ஒளி கசியும் சந்தைக்கூட ஒரு துண்டுத் துணியால் அடைத்திருக்கிறார். தெருவில் போகிறவர்களுக்கு அது இருண்ட வீடாகத் தெரியும். அவருக்கு அது எட்டு மணிநேரத் தூக்கம்.

அன்றைக்குச் சிக்பேட்டையில் நான்காவது கடையில் அக்காவுக்குத் திருப்தியான துணி கிடைத்தது. கைத்தறிப் பருத்தி, வெங்காயத்தோலின் உட்பக்கம் போல வெளிர்ந்த நிறம். வாசலில் உதறிப் பார்த்தாள். பிறகு புறங்கையில் மெல்ல இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கையால் தடவாமல் புறங்கையில் இழுத்ததை நான் கவனித்தேன். அம்மா துணி வாங்கும்போதும் அப்படித்தான் செய்வார்.

மடிப்பு விழ வேண்டும் என்பதற்காக ஜன்னலின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு எடுத்தோம். தைக்கக் கொடுத்தபோது, லைனிங்குக்குத் தனித்துணி வாங்கிவரச் சொன்னார் டெய்லர். அக்கா பையிலிருந்து அம்மாவின் மாம்பழ மஞ்சள் சுங்குடிச் சேலையை எடுத்துக் கொடுத்தாள். பலநூறு முறை துவைத்து, கஞ்சியெல்லாம் போய், நூலின் விறைப்பு உடைந்து, கைக்குள் வழிகிற பதத்தில் இருந்தது. அதைத் தெருப்பக்கம் வைப்பதா, அறைப்பக்கம் வைப்பதா என்று டெய்லர் கேட்டார்.

"ரூம் பக்கம்தான் அண்ணா," என்றாள் அக்கா. "கை படுற பக்கம்."